ஐப்பசி பிறந்தால் நாய் தோண்டாது

அரிசி ஆலை முதலாளி வரதராஜுலு புரட்டாசியில் முட்டையைக்கூட ஏறெடுத்துப் பார்க்க மாட்டார். நெற்றி நிறைய நாமத்தோடு அவரே ஊரெல்லாம் அப்படிச் சொல்லிக்கொள்வார். அவர் வீட்டு நாய் டைகர் தினமும் ரோஜாப் பாத்தியைத் தோண்டிப்போடும். தோட்டக்காரர் சடையப்பன் தினமும் மண்ணைத் தள்ளி மூடுவார். உள்ளே என்ன கிடந்தது என்று யாரிடமும் சொன்னதில்லை. இடுப்புதான் விட்டுப்போயிற்று.

சனிக்கிழமை பஜனைக்கு வந்தவர்கள் முன்னால் முதலாளி கத்தினார்: "நாயைக் கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது. ஆனா நாளைக்கு ஒரு பள்ளம் இருந்தாலும் உனக்கு இங்க வேலை இல்ல!"

சடையப்பன் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டார். "பத்து நாள் பொறுங்க முதலாளி. ஐப்பசி பொறந்தா தானா நின்னுடும்."

"ஐப்பசிக்கும் நாய்க்கும் என்ன சடையப்பா சம்பந்தம்?" என்றார் முதலாளியம்மா.

டைகர் ஓடிவந்தது. மண் ஒட்டிய கோழிக்கால் எலும்பை முதலாளியின் காலடியில் போட்டுவிட்டு வாலை ஆட்டியது. ஜால்ரா நின்றது. அம்மா முதலாளியைப் பார்த்தார்.

சடையப்பன் பெருமூச்சு விட்டார்.

"இந்தப் பள்ளத்த மூடிடட்டுமா முதலாளி, இல்ல இன்னைக்கு எலும்புக்கும் இதுவே போதுமா?"