கீறல் இல்லாத பெட்டி

கொளத்துக்காட்டுப்பாளையத்து மாட்டுத் தரகர்கள் நாலு பேரைப் பற்றி ஊருக்குள் ஆயிரம் பேச்சு உண்டு. ஆனால் சொன்ன சொல்லைத் தட்டுகிறவர்கள் என்று மட்டும் ஒருத்தரும் வாயைத் திறக்க முடியாது. நாச்சிமுத்து, செங்கோடன், மாரப்பன், அர்த்தனாரி. கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னால், முதலில் சாத்திவிட்டு, அப்புறம் உள்ளேயே நின்று எப்படிப் போவதென்று யோசிக்கிற உத்தமர்கள்.

இந்த உத்தமர்கள் போன வருசம் மாட்டுத்தீவனம் கொஞ்சம் அதிகமாக விற்றுக் கொடுத்துவிட்டார்கள். தீவனக் கம்பெனிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. நாலு பேரையும் விமானத்தில் சிங்கப்பூருக்கு அழைத்துப்போய், அங்கிருந்து சொகுசுக் கப்பலில் கடலைச் சுற்றிக் காட்டி, திரும்ப விமானத்தில் கோயமுத்தூரில் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னது.

மற்ற மூவருக்கும் ரெக்சின் பை போதும். நாலு பேரில் மூத்தவரான நாச்சிமுத்துவுக்குத்தான் வந்தது வினை. மகளைக் கட்டிக்கொடுத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. விஷயம் கேள்விப்பட்ட சம்மந்தி ராக்கியண்ணன், மயில் நீலத்தில் சக்கரம் வைத்த புதுப்பெட்டி ஒன்றைத் தானே கொண்டுவந்து வாசலில் இறக்கினார்.

"சம்மந்தி, பெங்களூர்ல எம்பையன் ஆசையா வாங்கினதுங்க. ஒரு கீறல்கூட இல்லாத பெட்டி. ஒரு கீறல்கூட இல்லாம வந்து சேரோணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் நாச்சிமுத்துவின் சம்சாரம் தெய்வானை சிரிக்காமல் சொன்னாள். "ஏனுங்க, அந்தப் பெட்டியில ஒரு கீறல் விழுந்துச்சு, எம்பொண்ணு அந்த வீட்டுல தலை நிமிந்து நடக்க முடியாது. கீறல் விழுந்தா நீங்க கப்பல்லயே இருந்துக்குங்க. இந்தப் பக்கம் வந்துறாதீங்க."

அன்றைக்குப் போன தூக்கம்தான் நாச்சிமுத்துவுக்கு. கப்பலில் மெத்தையில் பெட்டி படுத்தது, தரையில் அவர் படுத்தார். எல்லாரும் மேல்தளத்தில் நின்று கடலைப் பார்த்தபோது அவர் அறைக்குள் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் கடல் என்ன நிறம் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

பயணம் முடிகிற நாளுக்கு முந்தின மத்தியானம், கம்பெனி ஏற்பாடு செய்திருந்த வழிகாட்டிப் பெண் இளமதி நாலு பேரையும் உட்கார வைத்து விளக்கினாள். சிங்கப்பூர்த் தமிழ்ப்பெண். பொறுமைசாலி, அதாவது அதுவரைக்கும்.

"ஐயா, நாளைக்குக் காலையில கப்பல் கரைக்கு வந்துடும். சாயந்தரமே பெட்டி பையெல்லாம் பூட்டி, இந்தப் பச்சைச் சீட்டைக் கட்டி, ரூம் கதவுக்கு வெளியே வச்சிடுங்க. கப்பல் ஆளுங்களே எடுத்துட்டுப் போய்க் கரையில இறக்கிடுவாங்க. காலையில வேணுங்கிறத மட்டும் கையில வச்சுக்குங்க."

நாலு பேரும் தலையை ஆட்டினார்கள். அவள் போனதும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசனை ஆரம்பமானது.

"காலைல நமக்கு என்னடா வேணும்?" என்றார் நாச்சிமுத்து.

"காப்பி" என்றார் மாரப்பன்.

"அது பெட்டியில இல்லடா."

"அப்ப பல் வெளக்கற பிரசு."

"அது வேணும். எடுத்து வெளிய வையி. அப்பறம்?"

அர்த்தனாரிக்கு ஒரு சந்தேகம் வந்தது. "வேட்டி வேண்டாமுங்களாண்ணா?"

செங்கோடன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஏன்டா, வேட்டி காலைல மட்டுமா வேணும்? நாள் முச்சூடும் வேணும். அந்த அம்மிணி காலைல வேணுங்கறத மட்டுந்தான் வெச்சுக்கச் சொல்லுச்சு. நாள் முச்சூடும் வேணுங்கறது பெட்டிக்குத்தான் போகோணும்."

இதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை. கட்டியிருந்த வேட்டி, போட்டிருந்த சட்டை எல்லாம் மடித்து உள்ளே போயின. ஆளுக்கு ஒரு துண்டும் ஒரு பிரசும், பாஸ்போர்ட்டும் ஃபோனும் வைக்க இளமதி முதல் நாளே கழுத்தில் மாட்டிவிட்டிருந்த சின்னப் பையும் மிஞ்சின.

ஆனாலும் பெட்டியை வெளியே வைக்க நாச்சிமுத்துவுக்குக் கை வரவில்லை. "சம்மந்தி பொருளை நடைபாதையில அனாமத்தா விட்டுப்போட்டு உள்ள படுத்துக்கறதா? எவனோ வந்து கூட்டிட்டுப் போவானாம். அவனை எனக்குத் தெரியுமா, இல்ல பெட்டிக்குத் தெரியுமா?"

"அண்ணா, நாம மாடு விக்கறப்ப என்ன பண்றோம்?" என்றார் செங்கோடன். "மாட்டைக் குடுப்போம், கயித்தைக் குடுப்பமா?"

நாச்சிமுத்துவுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. மாட்டை விற்றாலும் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவது அந்த ஊர் வழக்கம். கயிறு கையில் இருந்தால் லட்சுமி வீட்டோடு இருப்பாள் என்று நம்பிக்கை. தரகர்கள் என்பதால் கயிறு இல்லாமல் எங்கேயும் போகிறவர்களும் இல்லை. பச்சைச் சீட்டைக் கட்டிப் பெட்டியைக் கதவுக்கு வெளியே வைத்தார்கள். கைப்பிடியில் கயிற்றின் ஒரு முனை. கதவுக்கு அடியில் நுழைந்துவந்த மறுமுனை செங்கோடன் இடுப்பில். இப்போது பெட்டியைக் கொடுத்த மாதிரியும் ஆச்சு, கயிற்றைக் கொடுக்காத மாதிரியும் ஆச்சு.

நாலு பேரும் துண்டோடு கட்டிலில் உட்கார்ந்து டிவியில் ஏதோ சமையல் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று செங்கோடன் கட்டிலை விட்டு இறங்கிக் கதவுப் பக்கம் நடந்தார்.

"எங்கடா போற?"

"நான் போகலீங்கண்ணா. பெட்டி போகுது."

வெளியே கப்பல் ஆள் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் அடுக்கி இழுத்துக்கொண்டிருந்தான். செங்கோடன் கதவில் மூக்கை வைத்து ஒட்டிக்கொண்டு நின்றார்.

"இழுத்துப் புடிக்கட்டுங்களா?" என்றார் மாரப்பன்.

"அடேய் பாவி, இழுக்காத! பெட்டி எங்கியாச்சும் இடிச்சுக் கீறல் விழுந்துரும். கதவைத் தொறந்து உடு, அவன் கூடவே போகட்டும்!"

திறந்துவிட்டார்கள். செங்கோடன் துண்டோடு, தள்ளுவண்டிக்குப் பின்னால், கப்பலின் நீள நடைபாதை முழுக்க மரியாதையாக நடந்து போனார். எதிரே வந்த வெள்ளைக்காரத் தம்பதிக்கு ஒரு கும்பிடும் போட்டார். சாமான் அறை வாசலில்தான் கப்பல் ஆள் திரும்பிப் பார்த்தான். பார்த்தவன் அலறிய அலறலில் இளமதிக்குத் தகவல் போய், அவள் ஓடிவந்தாள்.

"ஐயா, நீங்க எதுக்கு இங்க?"

"பெட்டிக்குத் துணைக்குங்க அம்மிணி."

அவள் குனிந்து கைப்பிடியில் இருந்த முடிச்சை அவிழ்த்தாள்.

மறுநாள் காலையில் கப்பலை விட்டு இறங்க அறைக் கதவைத் தட்டியவள், துண்டும் பிரசுமாக நின்ற நாலு பேரைக் கண்டு இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். கப்பல் கடையில் அந்த நேரத்துக்குக் கிடைத்தது தென்னைமரம் போட்ட அரைக்கால் டவுசரும் கிளிப் படம் போட்ட சட்டையும்தான். நாலு பேரும் அதைப் போட்டுக்கொண்டு, துண்டை மட்டும் மறக்காமல் தோளில் போட்டுக்கொண்டு கரையில் இறங்கினார்கள். பச்சைச் சீட்டுப் பெட்டிகளுக்கு நடுவே மயில் நீலப் பெட்டி சத்தமில்லாமல் நின்றது. நாச்சிமுத்து அதைச் சுற்றிவந்து தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"வேட்டியை எடுத்துக் கட்டிக்கட்டுங்களா?" என்று மாரப்பன் குனிந்தார்.

"ஐயோ, இப்ப நேரமில்லைங்கய்யா, விமானத்துக்கு லேட் ஆயிடுச்சு!" என்று கத்தினாள் இளமதி. "இனிமே ஊருக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் பெட்டியைத் திறக்கவே கூடாது!"

அப்படி அவள் சொல்லியிருக்க வேண்டாம். விமான நிலையத்தில் எடை போடுகிற மேடையில் பெட்டியை வைத்ததும், கவுன்ட்டரில் இருந்த தமிழ்ப் பையன் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னான். "நாலு கிலோ கூட இருக்கு சார். பெட்டியத் தொறந்து கொஞ்சம் வெளியே எடுத்திடுங்க."

நாச்சிமுத்து நிமிர்ந்தார். "பெட்டியைத் தொறக்கறதுக்கில்லீங்க தம்பி. வேற வழி பேசுங்க."

"வேற வழியா?"

"கையை நீட்டுங்க."

பையன் ஏதோ ரேகை பதிக்கச் சொல்கிறார் போலிருக்கிறது என்று கையை நீட்டிவிட்டான். நாச்சிமுத்து அதன்மேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே அவன் விரலைப் பிடித்தார். மாட்டுச் சந்தையில் விலை பேசுவது அப்படித்தான். வாய் பேசாது, துண்டுக்கடியில் விரல் மட்டும் பேசும். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது.

"சார், என்ன பண்றீங்க?"

"சத்தம் போடாதீங்க தம்பி, பின்னால நிக்கறவங்களுக்குத் தெரிஞ்சுறப் போகுது. நீங்க நாலுன்னீங்க. நான் ஒண்ணு புடிக்கறேன்."

பையன் கையை உருவப் பார்த்தான். "பாத்தீங்களா, இழுக்கறாரு! கட்டுபடியாகலியாம்" என்று அர்த்தனாரி பின்னாலிருந்து விளக்கம் சொன்னார். "ஒன்றரைக்கு வாங்கண்ணா!"

வரிசையில் நின்றவர்கள் ஃபோனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள். இளமதி நடுவில் புகுந்து, நாலு பேர் சாமான் எடையையும் ஒன்றாகச் சேர்த்துப் போடச் சொன்னாள். மற்ற மூன்று ரெக்சின் பைகளிலும் ஆளுக்கு இரண்டு வேட்டிதான் இருந்தது. கணக்கு சரியாகிவிட்டது. பையன் அவசர அவசரமாகச் சீட்டை ஒட்டினான்.

"படிஞ்சு போச்சு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார் நாச்சிமுத்து. "நல்ல பையன். கொஞ்சம் மொரண்டு, அவ்வளவுதான்."

ஆனால் நகரும் பட்டையில் பெட்டி சாய்ந்து, ரப்பர்த் திரைக்குள் நுழைந்து மறைந்தபோது அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மகளை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிய அன்றைக்குக்கூட அவர் இப்படிக் கலங்கவில்லை. விமானத்தில் கொடுத்த சாப்பாட்டைத் தொடவில்லை. அதை மாரப்பன் தொட்டார்.

கோயமுத்தூரில் இளமதி இல்லை. நாலு பேரும் தாங்களாகவே பெட்டி வருகிற பட்டையைக் கண்டுபிடித்து முன்னால் போய் நின்றார்கள். ஒரே மாதிரி பெட்டிகள் இருக்கும், சரிபார்த்து எடுங்கள் என்று ஒலிபெருக்கியில் ஒரு அம்மாள் சொல்லிக்கொண்டே இருந்தாள். சரிபார்த்துத்தான் எடுப்போம் என்று அர்த்தனாரி மேலே பார்த்துப் பதில் சொன்னார்.

மயில் நீலப் பெட்டி வந்தது. அதன் விலாவில், விரல் நீளத்துக்கு, வெள்ளையாக ஒரு கீறல்.

நாச்சிமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "போச்சுடா! எம்பொண்ணு வாழ்க்கை போச்சு! தெய்வானை மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? நான் கப்பலுக்கே போயிர்றேன், என்னைய உட்டுருங்கடா."

தென்னைமர டவுசரோடு ஒரு பெரிய மனுசர் தரையில் உட்கார்ந்து அழுவதைப் பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. பெட்டி அவரைக் கடந்து ஒரு சுற்றுப் போனது. அர்த்தனாரி மட்டும் மோவாயைத் தடவிக்கொண்டு நின்றார்.

"அண்ணா, அழுகறதை நிறுத்திப்போட்டுப் பதில் சொல்லுங்க. சம்மந்தி குடுத்த பெட்டியில கீறல் இருந்துச்சுங்களா?"

"இல்லடா."

"இப்ப போச்சே, அதுல?"

"இருக்குதுடா!"

"அப்ப அது எப்படிங்க சம்மந்தி பெட்டி ஆகும்?"

அழுகை நின்றது. "அதுல எம்பேரு எழுதின சீட்டு தொங்குதேடா?"

"சீட்டு என்னங்கண்ணா சீட்டு!" என்று சிரித்தார் அர்த்தனாரி. "மாட்டை மாத்தறவன் மணியை மாத்திக் கட்ட மாட்டானா? சந்தையில நாம பாக்காததா? மணியைப் பாத்தா மாடு வாங்குவோம்? சுழியைப் பாக்கோணும், தோலைப் பாக்கோணும்."

அதே சமயம் ரப்பர்த் திரையை விலக்கிக்கொண்டு இன்னொரு மயில் நீலப் பெட்டி வந்தது. நாலு பேரும் பாய்ந்து இறக்கினார்கள். செங்கோடன் முதுகைத் தடவினார், மாரப்பன் சக்கரங்களைத் தூக்கிப் பார்த்தார், அர்த்தனாரி ஜிப்பை லேசாக விலக்கிப் பல்வரிசை பார்த்தார்.

"சுத்தமான தோலுங்கண்ணா. ஒரு கீறல் இல்ல."

"அதுல வேற யாரோ பேரு எழுதியிருக்குதே?"

"அதான் சொன்னனே, மணியை மாத்திப்போட்டானுங்க."

நாச்சிமுத்து பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சக்கரத்தில் உருட்டினால் தேய்ந்துவிடும் என்று தலையில் தூக்கிக்கொண்டே வெளியே வந்தார். கார் வைத்து நேராகச் சம்மந்தி வீட்டுக்கே போனார்கள். தெய்வானையும் அங்கே வந்து காத்திருந்தாள்.

ராக்கியண்ணன் டவுசரைப் பார்த்தார், கிளியைப் பார்த்தார். பெட்டியை வெளிச்சத்தில் வைத்து நாலு பக்கமும் பார்த்தார். விரலால் தடவினார்.

"சம்மந்தின்னா நீங்கதானுங்க சம்மந்தி! குடுத்தப்ப இருந்ததைவிடப் புதுசா இருக்குது!"

தெய்வானையின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. மகள் நிலைப்படியில் நின்று தலை நிமிர்ந்து சிரித்தாள். நாச்சிமுத்துவுக்கு அந்த ஒரு சிரிப்புக்காக இன்னும் பத்துத் தடவை கப்பல் ஏறலாம் என்று தோன்றியது.

பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே பால்பவுடர் டப்பாக்கள், பஞ்சு வைத்த குழந்தைத் துணிகள், கிலுகிலுப்பை, சாக்லேட். நாச்சிமுத்து ஒரு நிமிசம் முழித்தார். அதற்குள் சம்மந்தியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாத்தீங்களா மனுசனை! மருமக இன்னும் வாயத் தொறந்து நல்ல சேதி சொல்லல, அதுக்குள்ள பேரனுக்குச் சீரே கொண்டாந்துட்டாரு!" மகள் வெட்கப்பட்டு உள்ளே ஓடினாள். வேட்டியெல்லாம் எங்கே என்று கேட்க வாயெடுத்த மாரப்பனை அர்த்தனாரி கிள்ளினார்.

காப்பி வந்தது. அப்போது நாச்சிமுத்துவின் ஃபோன் அடித்தது.

"ஏனுங்க, நாச்சிமுத்துங்களா? நான் பொள்ளாச்சிங்க. ஏர்போர்ட்டுல பெட்டி மாறிப்போச்சுங்க. உங்க பெட்டி எங்கிட்ட இருக்குது. சீட்டுல உங்க பேரும் நம்பரும் இருந்துச்சு. உள்ள வேட்டியா இருக்குது, நீங்க சம்சாரத்தோட நிக்கற போட்டோகூட ஒண்ணு இருக்குது."

நாச்சிமுத்து நிதானமாகக் காப்பியைக் கீழே வைத்தார். "நீலப் பெட்டிங்களா?"

"ஆமாங்க."

"விலாவுல விரல் நீளத்துக்குக் கீறல் இருக்குதுங்களா?"

"இருக்குது, இருக்குது! அதேதானுங்க!"

"அப்ப அது எங்களுது இல்லீங்க" என்றார் நாச்சிமுத்து. சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். மனசு கேட்கவில்லை. "யாரு பெட்டியோ பாவம். கீறல் உழுந்த பெட்டியையும் தொலைச்சுப்போட்டு வீட்டுல என்ன பேச்சு வாங்கறானோ அந்த மனுசன். அந்தப் போட்டோவுல இருக்கறவனை எப்படியாச்சும் கண்டுபிடிச்சுக் குடுத்துப்போடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."