பாப்கார்ன் கோழியும் சனிக்கிழமைக் கீரியும்

பாப்கார்ன் என்ற நாட்டுக்கோழி முட்டையிட நல்ல இடம் ஒன்று தேடிக்கொண்டிருந்தது.

அது வசித்தது ஒரு பண்ணையில். சென்னையை விட்டு வண்டலூரைத் தாண்டிப் போனால், அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே திடீரென்று கொஞ்சம் பச்சை தெரியும். அதுதான் அந்தப் பண்ணை. சில தென்னை மரங்கள், கீரைப் பாத்திகள், வாத்துகளுக்கு ஒரு குட்டை, பின்பக்கம் ஒரு பம்ப்செட் அறை. அவ்வளவுதான்.

சனிக்கிழமை தோறும் நகரத்துப் பள்ளிகளிலிருந்து மஞ்சள் பஸ்ஸில் குழந்தைகள் வருவார்கள். ஆட்டுக்கு அகத்திக்கீரை கொடுப்பார்கள். சேற்றில் கால் வைத்துவிட்டு அலறுவார்கள். பிறகு வைக்கோல் கூடைகளுக்குள் கைவிட்டு முட்டை தேடுவார்கள். கிடைத்த முட்டை கிடைத்தவருக்கு! அது பண்ணையின் வழக்கம்.

அந்த வழக்கம்தான் பாப்கார்னுக்குப் பிடிக்கவில்லை. அதற்குக் குஞ்சு பொரிக்க ஆசை. ஆனால் கூடையில் நாலு முட்டை சேர்வதற்குள் சனிக்கிழமை வந்துவிடும். "மிஸ், இன்னும் சூடா இருக்கு மிஸ்!" என்று ஒரு குரல் கேட்கும். கூடை காலி!

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அது வேலியோரமாகத் தனியாக நின்றது. முன்பக்கம் குழந்தைகளின் இரைச்சல். வேலிக்கு அடியில் ஒரு கூர்மையான மூக்கு தெரிந்தது. பின்னாலேயே ஒரு கீரி தலையை நீட்டியது.

"என்ன தங்கச்சி, முகம் வாடிக் கிடக்கு?"

பாப்கார்ன் ரெண்டடி பின்னால் நகர்ந்தது. "நீங்க கோழி பிடிக்கிறவராச்சே! வீரன் சொல்லியிருக்கு."

வீரன் என்பது பண்ணையின் காவல் நாய்.

"வீரன் யாரைத்தான் நல்லவன்னு சொல்லிச்சு? தபால்காரரைப் பார்த்தே குரைக்கிற ஆளாச்சே அது!" என்று கீரி சிரித்தது. "நான் பாம்பு பிடிக்கிறவன் தங்கச்சி. உன்னை மாதிரி நல்லவங்களுக்குக் காவல் இருக்கிறவன். சரி, அந்தப் பிள்ளைங்க உனக்கு என்ன பேர் வச்சிருக்காங்க?"

"பாப்கார்ன். என் வெள்ளை உடம்பையும் பழுப்புப் புள்ளியையும் பார்த்து வச்சாங்க."

"அப்படின்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியாது. கேட்க நல்லா இருக்கு."

"தின்கிற சாமான்மா அது! சோளத்தைச் சட்டியில போட்டுப் பொரிச்சு, வாய் நிறைய அள்ளிப் போட்டுக்குவாங்க. பேர் வைக்கும்போதே அவங்களுக்கு என்ன யோசனைன்னு பார்த்தியா?"

பாப்கார்ன் கீரியின் பக்கமாக ஓரடி வந்தது. மெதுவாகக் கேட்டது. "மரகதம் அக்கா வாத்து முட்டைகளில் கரித்துண்டால கோடு போட்டு வச்சாங்களே, அது எதுக்கு அண்ணே?"

பண்ணையைப் பார்த்துக்கொள்வது மரகதம்தான். அவள் கரிக்கோடு போட்ட முட்டைகளைக் கூடையோடு உள் அறைக்கு எடுத்துப் போனதைப் பாப்கார்ன் பார்த்திருந்தது.

"அதுவா? சமையலுக்கு ஒதுக்கி வச்ச முட்டை!" என்று கீரி பெருமூச்சு விட்டது. "நீ இங்கே இருந்தா உனக்கும் அதே கதிதான். பம்ப்செட் அறைக்குள்ளே பழைய சாக்கு குவிஞ்சு கிடக்கு. அங்கே போய் முட்டை போடு. ஒரு பிள்ளையும் அந்தப் பக்கம் வராது. ஆனா யார்கிட்டயும் மூச்சு விடாதே!"

பாப்கார்ன் அப்படியே செய்தது. நாளுக்கு ஒன்றாகச் சாக்குக் குவியலில் முட்டைகள் சேர்ந்தன. பத்து சேர்ந்ததும் அடைகாக்க உட்கார்ந்துவிட்டது. இரை பொறுக்கவும் தண்ணீர் குடிக்கவும் மட்டும் ஒரு நடை வெளியே வரும், உடனே திரும்பிவிடும்.

சனிக்கிழமைகளில் கீரி வந்து வாசலில் நின்று எட்டிப் பார்க்கும்.

"ஒண்ணும் அவசரமில்லை தங்கச்சி. முட்டையா இருந்தா என்ன பிரயோஜனம்? எல்லாம் குஞ்சாகட்டும். குஞ்சுன்னா எனக்கு உயிர்!"

எவ்வளவு பாசம் என்று பாப்கார்ன் நினைத்துக்கொண்டது.

பாப்கார்ன் அதிகம் பேசாத கோழி. ஆனால் அதன் கண்ணுக்கு எதுவும் தப்பாது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் முட்டைக்குள்ளிருந்து 'கீச்' என்று மெல்லிய சத்தம் கேட்டது. சந்தோஷம் தாங்காமல் தண்ணீர் குடிக்க ஓடியது. உள் அறை வாசலில் மஞ்சள் மஞ்சளாக வாத்துக் குஞ்சுகள் தள்ளாடிக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவே உடைந்த ஓடு ஒன்று கிடந்தது. அந்த ஓட்டில் ஒரு கரிக்கோடு!

பாப்கார்ன் அந்த ஓட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. கோடு போட்ட முட்டை சமையலுக்குப் போகவில்லை. பொரிவதற்காகத்தான் யாரும் தொடாமல் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. அப்படியானால் கீரி அண்ணன் ஏன் வேறு மாதிரி சொன்னார்?

அது நேராக நாயிடம் போனது.

"வீரா, உன்னை அடைச்சு வைக்கிறது எப்போ?"

"சனிக்கிழமை மட்டும்தான்!" என்று வீரன் எரிச்சலோடு சொன்னது. "ஒரு பொண்ணு கையிலிருந்த பிஸ்கட்டை வாங்கித் தின்னேன். அவ ஊரைக் கூட்டி அழுதா. அன்னையிலிருந்து சனிக்கிழமைன்னா எனக்குத் தீவன அறைதான். உள்ளே கிடக்கும்போது கீரி வாசம் வருது பாரு! தொண்டை கிழியக் குரைக்கிறேன். பிள்ளைங்க சத்தத்துல யார் காதுல விழுது?"

"மத்த நாளில் கீரி வாசம் வருமா?"

"வருமா? வந்து பார்க்கட்டுமே!"

பாப்கார்னுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாளைக்குச் சனிக்கிழமை. நாளைக்குத்தான் குஞ்சுகளும் பொரியும். முட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடக் கோழிக்குக் கை இல்லை!

அது வான்கோழியிடம் ஓடியது. எப்போதும் மார்பை நிமிர்த்தி நடப்பதால் அதற்கு ஜமீன் என்று பெயர்.

"ஐயா, நாளைக்கு என் கூட்டுக்கு வந்து காவல் நிக்கணும்!"

"நாளைக்கா? பஸ் வந்ததும் நான் குட்டைக்குப் பின்னால போயிடுவேனே! அதுங்க என் தாடியைப் பிடிச்சு இழுக்குதுங்க. மானம் போகுது!"

பக்கத்தில் அசை போட்டுக்கொண்டிருந்த செம்பி ஆடு சிரித்தது. "மார்பு மட்டும்தான் ஜமீன்! உள்ளே ஒண்ணுமில்லை!"

"சரி, பரவாயில்லை. அந்தப் பிள்ளைங்களையே கூட்டிட்டுப் போறேன்" என்றது பாப்கார்ன்.

செம்பியின் வாயிலிருந்து தழை கீழே விழுந்தது. "உனக்குப் பைத்தியமா? ஆளுக்கொரு முட்டையை எடுத்துக்கிட்டு பஸ் ஏறிடுவாங்க!"

"எடுக்கலாம். ஆனா அவங்க கையை நான் பார்த்திருக்கேன் செம்பி. முட்டையை ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டுத்தான் நடப்பாங்க. போன மாசம் ஒரு பையன் ஒண்ணைக் கீழே போட்டுட்டான். பஸ்ல வந்த அத்தனை பேரும் மூச்சு விடலை. அந்தக் கைகள்கிட்ட எனக்கு ஒரு வழி கிடைக்கும். கீரியோட பல்லுகிட்டக் கிடைக்காது."

மறுநாள் காலை. மஞ்சள் பஸ் வந்து நின்றது. வீரனைத் தீவன அறைக்குள் விட்டு மரகதம் தாழ்ப்பாள் போட்டாள். கொஞ்ச நேரத்தில் பம்ப்செட் அறை வாசலில் கீரி வந்து நின்றது.

"என்ன தங்கச்சி, குஞ்சுகள் வந்தாச்சா?"

பாப்கார்ன் முட்டைகளின் மேலிருந்து எழுந்தது. எப்போதும் போலவே பேசியது.

"வர்ற நேரம்தான் அண்ணே. கேளுங்க, உள்ளே கத்துது! நீங்க வந்தது நல்லதாப் போச்சு. ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன், பார்த்துக்குங்க. முட்டையை மட்டும் தொட்டுடாதீங்க. அவசரப்பட்டு உடைச்சா ஒரு குஞ்சும் முழுசா வராது!"

"தொடுவேனா? தானா வரட்டும், தானா வரட்டும்!" என்று கீரி வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

பாப்கார்ன் மெதுவாக நடந்தது. மூலை திரும்பியதும் ஒரே ஓட்டம்!

ஆட்டுக் கொட்டகையின் பக்கத்தில் குழந்தைகள் கூட்டமாக நின்றார்கள். ஓரமாக நின்ற ஆஃப்ரீன் என்ற சின்னப் பெண் கையில் ஒரு பிஸ்கட். பாப்கார்ன் எம்பிக் குதித்து அதைக் கொத்திக்கொண்டது. கொத்திய பிஸ்கட்டோடு வந்த வழியே பறந்தது.

"ஐயோ, என் பிஸ்கட்!"

"டேய், பாப்கார்ன் பிஸ்கட் திருடிட்டு ஓடுதுடா!"

"புடிங்கடா! அந்தப் பக்கம் போகுது!"

"ஓடாதீங்க! ஏய், வரிசையா வாங்க!" என்று டீச்சர் கத்தினார். யார் கேட்டார்கள்? ஒரு வகுப்பே கூச்சல் போட்டுக்கொண்டு பம்ப்செட் அறையை நோக்கிப் பாய்ந்தது.

உள்ளே கீரி நாக்கைச் சப்புக்கொட்டிக் காத்திருந்தது. முதலில் கோழி வந்தது. "வந்துட்டியா தங்கச்..." என்று கீரி ஆரம்பித்தது. பின்னாலேயே குழந்தைகள் வந்தார்கள். அப்படி ஒரு சத்தத்தை அந்தக் கீரி தன் ஆயுளில் கேட்டதில்லை. அதன் உடம்பு முடியெல்லாம் சிலிர்த்து நின்றது. காலி வாளியில் முட்டிக்கொண்டது. ஒரு பையனின் கால்களுக்கு நடுவே புகுந்தது. வேலிக் கம்பியில் வால் முடியை ஒரு கொத்து விட்டுவிட்டு ஓடியே போய்விட்டது!

"அணில்டா! எவ்ளோ பெரிய அணில்!"

"அணில் இல்லடா, லூசு! இங்க பாரு, முட்டை!"

எல்லாத் தலைகளும் சாக்குக் குவியலின் மேல் குனிந்தன. "கிடைச்சவங்களுக்கு! கிடைச்சவங்களுக்கு!" என்று பல கைகள் நீண்டன.

பாப்கார்னுக்கு இது கீரியைவிடப் பயமான நேரம். கொத்தலாமா என்று நினைத்தது. கொத்தினால் பயந்துபோய்க் கீழே போட்டுவிடுவார்கள். அது பிஸ்கட்டைக் கீழே வைத்தது. முட்டைகளை விட்டு ஓரடி தள்ளி நின்று, ஆஃப்ரீனையே பார்த்தது.

ஆஃப்ரீன் ஒரு முட்டையை ரெண்டு கையாலும் எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள். பிறகு அதைக் காதருகே கொண்டு போனாள்.

"எல்லாரும் சும்மா இருங்களேன்! உள்ளேயிருந்து யாரோ பேசுறாங்க!"

அந்த இடம் கப்பென்று அடங்கியது. 'கீச்' என்றது முட்டை. நீண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. ஆஃப்ரீன் முட்டையை இருந்த இடத்திலேயே வைத்தாள். பாப்கார்ன் நிதானமாக ஏறி உட்கார்ந்தது.

மூச்சு வாங்க மரகதம் வந்து சேர்ந்தாள். "அடி கள்ளி! ஒரு மாசமா நீ எங்கே போறேன்னு தேடாத இடமில்லை. இங்கேயா குடித்தனம்?" என்றாள். வேலிக் கம்பியில் இருந்த முடியைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. உடனே போய்த் தீவன அறையைத் திறந்து, வீரனைச் சங்கிலியோடு கூட்டிவந்து பம்ப்செட் பக்கம் நிறுத்தினாள். அது குரைத்த குரைப்பில் இத்தனை நாள் கோபமும் இருந்தது.

பிறகு மரகதம் ஒரு கரித்துண்டை எடுத்து வந்தாள். "கோடு போட்ட முட்டையை யாரும் தொடக்கூடாது, தெரியுமில்ல? வாங்க, நீங்களே போடுங்க!"

பாப்கார்ன் எழுந்து வழிவிட்டது. ஒருத்தி பூப்போட்டாள். ஒருவன் மீசை வரைந்தான். ஆஃப்ரீன் கரியை வாங்கிக்கொண்டு குனிந்தபோது அவளுடைய முட்டை டக்கென்று உடைந்தது. ஈரத் தலை ஒன்று வெளியே வந்து அவளைப் பார்த்தது. அவள் கரியைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தாள்.

அடுத்த சனிக்கிழமை பாப்கார்னின் கூடை, குழந்தைகள் கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில் இருந்தது. பத்துக் குஞ்சுகளும் ஈர மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. வீரன் பின்பக்கம் காவல் நின்றது. அதனால் கீரி முன்பக்கத்து வேலிக்கு வெளியே ஒளிந்துகொண்டு கூப்பிட்டது.

"தங்கச்சி! அந்தப் பிள்ளைங்க நடுவுலயா குடும்பம் நடத்துறே? ஆபத்தும்மா!"

"ஆமா அண்ணே, பெரிய ஆபத்து!" என்றது பாப்கார்ன். "இப்பத்தான் ஒருத்தி என் மூத்தவனுக்குப் பிஸ்கட்னு பேர் வச்சா. நீங்களும் உள்ளே வாங்களேன்! உங்களுக்கும் ஒரு நல்ல பேரா வைக்கச் சொல்றேன்!"

செம்பி ஆடு விழுந்து விழுந்து சிரித்தது. ஜமீன்கூடக் குட்டைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டிச் சிரித்தது. அதே நேரம் குழாயடியில் குழந்தைகள் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீரை அடித்துக் கூச்சலிட்டார்கள். கீரி திரும்பிப் பார்க்காமல் ஓடியது. அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமையும் அது அந்தப் பக்கம் வரவில்லை.

ஒருவரைக் கண்டு பயப்படும்படி யாராவது நம்மிடம் ஓயாமல் சொன்னால், நம்முடைய பயத்தால் அவருக்கு என்ன லாபம் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் நாம் பயப்பட வேண்டும்.