தனித்தனியே அதிரும், சேர்ந்தால் அடங்கும்

பாளையங்கோட்டையில் நடந்த இந்தச் சம்பவத்துக்கு விடை சொல்ல, ஒலிப்பெட்டிகளைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். யார் என்ன செய்தார்கள் என்பதை மட்டும் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

பியூலா தன் வீட்டு மாடியில் ரிக்கார்டிங் தியேட்டர் தொடங்க நினைத்தாள். பதிவானதை உள்ளபடி கேட்க நல்ல ஸ்பீக்கர்கள் வேண்டும். சென்னையில் மூடிக் கிடந்த ஒரு ரிக்கார்டிங் தியேட்டரிலிருந்து ஐம்பது வருடப் பழைய ஜோடி ஒன்றை வாங்கினாள். ஒவ்வொன்றும் அவள் தோள் உயரம். வண்டியில் ஏற்றும்போது, அங்கே கடைசிவரை வேலை பார்த்த இன்ஜினியர் சொன்னார்:

"ரெண்டும் ஒரே மாதிரி பழகினதும்மா. ஒண்ணுக்கு என்ன செய்றீங்களோ, அதையே இன்னொண்ணுக்கும் செய்யுங்க."

ஒன்றை மட்டும் விற்றுவிடாதே என்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

பழுது பார்க்க இரண்டு பேர் போட்டி போட்டார்கள். கணவர் தங்கதுரை டிவி மெக்கானிக். தம்பி செல்வின் கல்யாண வீடுகளுக்கு மைக்செட் போடுகிறவன். ஒருவர் தொட்டதை மற்றவர் தொடமாட்டார். ஆகவே ஆளுக்கொரு பெட்டியாகக் கொண்டுபோனார்கள்.

"யார் பெட்டியில கொறை வருதோ, அவங்க மத்தவங்கள ஒரு வருசம் 'வாத்தியாரே'ன்னு கூப்பிடணும். சரியா அத்தான்?"

"இப்பவே சொல்லிப் பழகிக்கோ மாப்ளே."

செல்வினின் பெட்டியில் காகிதக் கூம்பைச் சுற்றியிருந்த ஃபோம் வளையம் உதிர்ந்திருந்தது. கழற்றுமுன் எந்த ஒயர் எங்கே இருக்கிறது என்று படம் வரைந்துகொண்டான். புது வளையம் ஒட்டி, படத்தில் இருந்தபடியே ஒயர்களை மாட்டினான். போட்டுப் பார்த்தபோது அவன் தெருவில் ஜன்னல் கதவுகள் அதிர்ந்தன.

தங்கதுரையின் பெட்டியில் கூம்பை அசைக்கிற கம்பிச்சுருள், அதாவது காயில், கருகியிருந்தது. புதுக் காயிலும் கூம்பும் போட்டு, இன்றைக்கு எல்லோரும் செய்கிற மாதிரி, சிவப்பு ஒயரைச் சிவப்பு முனையிலும் கறுப்பைக் கறுப்பிலும் பற்றவைத்தார். அவர் கடையிலும் அலமாரிச் சாமான்கள் ஆடின.

முதல் வாடிக்கையாளர் தவில்காரர் கோலப்பன். பதிவு செய்ய மதுரைக்குப் போகவிருந்தவரைப் பியூலா வற்புறுத்தி வரவழைத்திருந்தாள். அவர் தலையசைத்தால் வட்டாரத்து மேளக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். முகம் சுளித்தால் ஒருவரும் வரமாட்டார்கள்.

அவர் வாசித்ததைப் பதிவு செய்து, இரண்டு பெட்டிகளிலும் ஒலிக்கவிட்டாள். வலது கை அடித்தது கணீரென்று கேட்டது. இடது பக்கத்து முழக்கத்தைக் காணோம்.

"என்னம்மா இது, தகர டப்பாவத் தட்டுன மாதிரி இருக்கு? என் இடந்தலை எங்க?"

செல்வின் ஓடிப்போய் அத்தானின் பெட்டியை அணைத்தான். முழக்கம் வந்துவிட்டது. "பாத்தீங்களா? கொறை எங்கன்னு தெரியுதா?"

தங்கதுரை தன் பெட்டியைப் போட்டு மச்சினனின் பெட்டியை அணைத்தார். அப்போதும் முழக்கம் அப்படியே இருந்தது. "இப்ப என்னலே சொல்லுதே?"

இரண்டையும் சேர்த்துப் போட்டார்கள். மறுபடி தகர டப்பா. கோலப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

அப்போதுதான் பியூலாவுக்கு அந்த இன்ஜினியர் சொன்னது நினைவுக்கு வந்தது. மேஜையிலிருந்து ஒரு டார்ச் பேட்டரியை எடுத்தாள். பெட்டிகளின் பின்னால் இருந்த முனைகளில், இரண்டுக்கும் ஒரே விதமாக, அதை ஒரு கணம் தொடவைத்து முன்னால் எட்டிப் பார்த்தாள். சிரிப்பு வந்தது.

"ஐயா, அஞ்சே நிமிசம்."

கணவரின் பெட்டியில் எட்டு திருகாணிகளைக் கழற்றி, உள்ளே கூம்பு வைத்த பெரிய ஸ்பீக்கரின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றிப் பற்றவைத்து மூடினாள். கோலப்பன் வாசல் வரை போயிருந்தார். அவள் ஒலிக்கவிட்டாள்.

முழக்கம் நெஞ்சில் வந்து மோதியது. மேஜை மேல் தண்ணீர் டம்ளர் நகர்ந்தது. மொட்டைமாடிக் காகங்கள் ஒரே சமயத்தில் எழும்பிப் பறந்தன. கோலப்பன் திரும்பி வந்து தரையிலேயே உட்கார்ந்து, தொடையில் தாளம் போட ஆரம்பித்தார்.

"இன்னொருக்கப் போடும்மா."

மூன்று முறை கேட்டார். "எங்க ஆளுக எல்லாரையும் கூட்டிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினார்.

அவர் தலை மறைந்ததும் செல்வின் துள்ளினான். "அக்கா தொறந்தது ஒங்க பெட்டியத்தான? சொல்லுங்க அத்தான், வாத்தியாரே!"

பேட்டரியைத் தொடவைத்தபோது பியூலா எதைக் கண்டாள்? இருவரில் யார் செய்தது சரி? யார் யாரை வாத்தியாரே என்று கூப்பிட வேண்டும்?

விடை: செல்வினின் பெட்டியில் கூம்பு உள்ளே போனது. தங்கதுரையின் பெட்டியில் வெளியே வந்தது. ஒயர் மாட்டுவதில் அந்த ஜோடியைச் செய்தவர்களின் அன்றைய வழக்கம் இன்றைய வழக்கத்துக்கு நேர் எதிர். செல்வின் பழையதை அப்படியே காப்பாற்றினான். தங்கதுரை இன்றைய முறைப்படி செய்தார். தனியே வைத்தால் இரண்டும் சரி. சேர்ந்து ஒலித்தபோதோ ஒன்று காற்றைத் தள்ள, மற்றது இழுத்தது. பெரிய ஸ்பீக்கர்களில் வரும் முழக்கம் நடுவிலேயே அடங்கிப்போனது; சின்ன ஸ்பீக்கர்களில் வரும் கணீர் ஒலி தப்பியது. செல்வினின் பெட்டியில் ஒயர்களை மாற்றியிருந்தாலும் முழக்கம் திரும்பியிருக்கும். மற்றவர் என்ன செய்கிறார் என்று கேட்காமல் ஜோடியைப் பிரித்ததுதான் பிழை. அதில் இருவருக்கும் சம பங்கு. அதனால் ஒரு வருடம் முழுக்க இருவரும் ஒருவரை ஒருவர் வாத்தியாரே என்றுதான் கூப்பிட்டார்கள். தியேட்டருக்கு வந்த மேளக்காரர்கள் குழம்பிப்போய், உண்மையான வாத்தியார் யார் என்று பியூலாவிடம் கேட்பார்கள். அவள் கோலப்பனின் தவிலை இரண்டு பெட்டிகளிலும் சேர்த்துப் போட்டுக் காட்டுவாள்.