கட்டையா, நாகசுரமா?

தெற்கே ஒரு துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்த தணிகாசலத்துக்குச் சங்கீத ரசிகர் என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை வைத்தவரும் அவரேதான். யாழ்ப்பாணத்துக் கோயில் ஒன்று விலைக்கு வாங்கிய நாகசுரங்கள் பெட்டியோடு அவர் மேசைக்கு வந்தன. கொண்டுவந்தவன் ஏற்றுமதி ஏஜென்டின் ஆள் மாசிலாமணி. மாலைக் கப்பலில் பெட்டி ஏறாவிட்டால் அவன் வேலை போய்விடும்.

"மரக்கட்டையை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை இருக்குப்பா."

"இது நாகசுரம் சார்."

"துளை போட்டுட்டா வாத்தியமாயிடுமா? வாசிச்சு நிரூபி."

மாசிலாமணி காலையிலிருந்து வரிசையில் நின்று களைத்தவன். அடுப்பைத் தவிர வேறெதையும் ஊதி அறியாதவன். பெருமூச்சு வந்தது, அதை வீணாக்குவானேன் என்று நாகசுரத்துக்குள்ளேயே விட்டான். கிடங்குப் புறாக்கள் எல்லாம் பறந்தோடின. அவன் நிறுத்தவில்லை.

"போதும்ப்பா, காது கொள்ளலை. ஒரே அபசுரம்."

"அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். வெறும் கட்டையில அபசுரம் வராது."

அதிகாரி யோசித்தார். மாசிலாமணி அலுப்போடு அடுத்த நாகசுரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து உதட்டில் வைத்தான்.

அவன் மூச்சை இழுப்பதற்குள் முத்திரை விழுந்துவிட்டது.