பிடி கொடுக்காத ரிம்

கிருஷ்ணகிரியை அடுத்த ஓர் ஊரில், ஒரு வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்கு ஒரு புது சைக்கிள் ரிம் வந்து சேர்ந்தது. கறுப்புப் பூச்சு. முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி ஒரு பளபளப்பு. அட்டைப் பெட்டியிலிருந்து வெளியே வந்ததும் அது கொட்டகையை ஒரு முறை சுற்றிப் பார்த்தது. துரு ஏறிய பக்கெட், எண்ணெய்த் துணி, பழைய டயர். 'இங்கே என்னைப் போல் யாரும் இல்லை' என்று நினைத்துக்கொண்டது.

அதை வாங்கியவள் வசுமதி. அவள் ஓட்டுவது சீட் இல்லாத சைக்கிள். பாறை மேல் ஏறி, முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தில் மட்டும் நின்று, அங்கிருந்து அடுத்த பாறைக்குத் தாவ வேண்டும். கால் கீழே படக் கூடாது. அதுதான் விளையாட்டு.

போன வருடம் அவள் அப்படி நின்றபோது பிரேக் நழுவியது. பாறையிலிருந்து சரிந்து விழுந்ததில் காறை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு அவள் பாறைப் பக்கம் போகவில்லை. புது சைக்கிளை ஒவ்வொரு திருகாகத் தன் கையாலேயே பூட்டினால் பயம் போய்விடும் என்று நம்பினாள். துணைக்கு அக்கா சுகந்தி வந்தாள். அவள் கிரானைட் பட்டறையில் கல்லுக்கு மெருகு போடுகிறவள்.

முதலில் ரிம்மில் கம்பிகளைக் கோத்து முறுக்கினார்கள். ரிம்முக்கு அது பிடிக்கவில்லை.

"ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறீர்களே, நான் யார் பேச்சைக் கேட்பது?" என்று கத்தியது.

"யார் பேச்சையும் கேட்க வேண்டாம்" என்றன கம்பிகள். "எல்லோரும் சமமாக இழுத்தால் நீ தானாக நடுவில் நிற்பாய்."

"இறுக்கமாக இருக்கிறது."

"நாங்கள் தளர்ந்தால் நீ முட்டை வடிவத்துக்குப் போய்விடுவாய். பரவாயில்லையா?"

வசுமதி சக்கரத்தைச் சுற்றிவிட்டு, எங்கே ஒதுங்குகிறது என்று பார்த்துப் பார்த்துக் கோட்டம் எடுத்தாள். மத்தியானத்துக்குள் சக்கரம் ஆடாமல் அசையாமல் சுற்றியது. ரிம்முக்கே தன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

டயரை மாட்டி, சக்கரத்தைச் சைக்கிளின் பின்பக்கம் பூட்டினார்கள். அப்போதுதான் ரிம்மின் இரண்டு பக்கமும் இரண்டு பிரேக் கட்டைகள் வந்து உட்கார்ந்தன.

"நீங்கள் யார்?" என்றது ரிம்.

"உன்னைப் பிடிப்பவர்கள்" என்றது இடப்பக்கக் கட்டை.

"என்னையா? நான் ஓடப் பிறந்தவன்."

"ஓடு. யார் வேண்டாம் என்றது? நிற்க வேண்டிய இடத்தில் மட்டும் தொடுவோம்."

"தொட்டுக்கொள்ளுங்கள். என் பூச்சில் ஒரு கீறல் விழக் கூடாது, சொல்லிவிட்டேன்."

கட்டைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. சுகந்தி குனிந்து, இரண்டும் ஒரே நேரத்தில் ரிம்மில் படுகிறதா, டயரில் உரசுகிறதா என்று பார்த்து, தள்ளி நகர்த்தித் திருகை இறுக்கினாள். "சரியா உக்காந்திருச்சுடி. ஏறிப் பாரு" என்றாள்.

கொல்லையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் கிடந்தது. வசுமதி அதன் மேல் ஏறினாள். முன்சக்கரத்தைத் தூக்கிப் பிரேக்கை அழுத்தினாள். கட்டைகள் ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வின. ரிம் அவற்றின் நடுவே வழுக்கிக்கொண்டு போயிற்று. வசுமதி சட்டென்று காலை ஊன்றினாள்.

"என்ன செய்தாய்?" என்று கேட்டது கட்டை.

"நான் ஒன்றும் செய்யவில்லையே. நான் பாட்டுக்கு இருந்தேன்."

"அதைத்தான் சொல்கிறேன். எவ்வளவு அழுத்தினாலும் நீ பிடியே கொடுப்பதில்லை. அந்தப் பெண் விழுந்திருப்பாள்."

விழுவது என்றால் என்ன என்று ரிம்முக்கு அதுவரை தெரியாது. இப்போது கைப்பிடியிலிருந்து சட்டம் வழியாக இறங்கி வந்த நடுக்கம் அதற்குத் தெரிந்தது. அது வசுமதியின் கை நடுக்கம்.

"புது பிரேக்கும் வழுக்குதா?" என்று சுகந்தி பதறினாள். "வேணான்டி. சைக்கிளை வித்துடலாம்."

"பிரேக் நல்லாத்தான் இருக்குக்கா. ரிம்மு வழவழன்னு இருக்கு. இதை ஆடுறவங்க உன் பட்டறைல இருக்கிற மாதிரி கை கிரைண்டர் வெச்சு ரிம்மைச் சொரசொரன்னு ஆக்கிடுவாங்க."

"அப்ப நீ ஏன் ஆக்கல?"

வசுமதி ரிம்மைத் தடவினாள். "எவ்வளவு அழகா இருக்கு பாரு. மனசு வரல. கொஞ்சம் அழுத்திட்டாலும் வீணாப் போயிடும்."

சுகந்திக்குச் சிரிப்பு வந்தது. "காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் சொரசொரப்பை வழவழப்பாக்குறதுதான் என் பொழப்பு. தங்கச்சி வீட்ல வேலை தலைகீழா இருக்கு. குடு, நான் பண்றேன்."

"இல்லக்கா. நானே பண்றேன். நீ சக்கரத்தைப் பிடிச்சுக்க."

டயரைக் கழற்றினார்கள். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வசுமதி கிரைண்டரை எடுத்தாள். அது சுழன்று வருவதைப் பார்த்த ரிம் அலறியது.

"கம்பிகளே! என்னை அழிக்கப் போகிறார்கள்!"

"நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்" என்றன கம்பிகள். "உன் வட்டத்தை யாரும் தொட மாட்டார்கள். மேல்பூச்சு மட்டும்தான் போகும்."

"என்னிடம் இருப்பதே அது ஒன்றுதானே!"

கம்பிகள் அதை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

வசுமதி அழுத்தாமல், தொட்டும் தொடாமலும் கொண்டுபோனாள். பொறி பறந்தது. கறுப்பு போய் உள்ளிருந்த வெள்ளை உலோகம் தெரிந்தது. அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் விழுந்தன. முடிந்ததும் ரிம் தன்னைப் பார்த்துக்கொள்ள முயன்றது. எதிரில் இருந்த தகரத்தில் மங்கலாக ஏதோ சுற்றியது. அது தானா என்றுகூட அதற்கு அடையாளம் தெரியவில்லை.

கட்டைகள் மறுபடி வந்து உட்கார்ந்தன.

"சந்தோஷம்தானே உங்களுக்கு?" என்றது ரிம் கசப்பாக.

"பயமாகவும் இருக்கிறது" என்றது கட்டை. "இனி உன்னைத் தொடும்போதெல்லாம் நாங்கள் தேய்வோம்."

"நீங்களுமா?"

"நாங்கள்தான் அதிகம். உனக்கு ஒரு தடவை. எங்களுக்குத் தினமும்."

"பிறகு ஏன் இந்த வேலைக்கு வந்தீர்கள்?"

"பெட்டிக்குள் முழுசாகக் கிடந்தோம். அங்கே யாரும் எங்களை நம்பிக் கல் மேல் ஏறவில்லை."

ரிம்மின் கசப்பு கொஞ்சம் இறங்கியது.

மறுநாள் காலையில் சகோதரிகள் மலையடிவாரத்துக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள். போன வருடம் வசுமதி விழுந்த அதே பாறை. பக்கத்தில், ஓர் ஆள் படுக்கும் அளவு இடைவெளி விட்டு, இன்னொரு பாறை. சுகந்தி நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"தள்ளி நில்லுக்கா."

"விழுந்தா யாரு பிடிக்கிறது?"

"நீ அங்க நின்னா நான் விழறதைப் பத்தியேதான் நினைப்பேன். தள்ளிக்க."

சுகந்தி தள்ளி நின்றாள். கைகள் மட்டும் இறங்கவில்லை.

வசுமதி பாறை மேல் ஏறினாள். விளிம்புக்கு வந்தாள். முன்சக்கரத்தைத் தூக்கினாள். பிரேக்கை அழுத்தியதும் மலையடிவாரமே கேட்கிற மாதிரி ஒரு கிறீச்சிடல். ரிம்மின் கோடுகளில் கட்டைகள் பதிந்தன. அடுத்த நொடி எல்லாம் நின்றது. ஓடப் பிறந்த ரிம், கீழே பள்ளமும் மேலே ஒரு பெண்ணின் முழு பாரமுமாக, ஓர் இம்மிகூட அசையாமல் நின்றது.

"பிடித்துவிட்டீர்களா?" என்று மெல்லக் கேட்டது.

"நீ பிடி கொடுத்தாய்" என்றது கட்டை.

மேலே வசுமதி மூச்சை விட்டாள். நடுக்கம் கைப்பிடியிலிருந்து இறங்கி வரவில்லை. ரிம் காத்துக்கொண்டிருந்தது. வரவேயில்லை.

இப்படியே நின்றுவிடலாம் என்று ரிம்முக்குத் தோன்றியது. இவ்வளவு பத்திரமாக அது எங்கேயும் இருந்ததில்லை. அப்போது கட்டை சொன்னது:

"விடப் போகிறேன்."

"இப்போதா? கீழே பள்ளம்!"

"விட்டால்தானே அவள் தாவ முடியும்?"

"அந்தப் பக்கம் போனதும்?"

"அந்தப் பக்கத்திலும் நான்தான் இருப்பேன்."

வசுமதியின் விரல் தளர்ந்தது. கட்டைகள் விலகின. பெடல் மிதிபட்டது. ரிம் அரைச் சுற்று சுற்றி அந்தரத்தில் பாய்ந்தது. கீழே சுகந்தியின் கத்தல் கேட்டது. அதற்குள் அடுத்த பாறை வந்து டயரில் மோதியது. சைக்கிள் முன்னால் சாய்ந்தது.

கிறீச்.

நின்றது.

"அக்கா!" என்று பாறை மேலிருந்து வசுமதி கூவினாள். "பாத்தியாக்கா!"

சுகந்தி அழுதாளா சிரித்தாளா என்று சொல்ல முடியாது. விரித்த கைகளை அப்போதுதான் இறக்கினாள்.

பளபளப்பு போன ரிம் வெயிலில் மங்கலாக நின்றது. கட்டை அதைப் பிடித்திருந்தபோது வராத நம்பிக்கை, விட்டுவிட்டு மறுபடி வந்து பிடித்தபோது அதற்கு வந்திருந்தது.