பாதி வழியில படுக்குற காரு

காதைக் குடுங்க, வாய மட்டும் பத்திரமா வெச்சுக்குங்க. கடைசியில வேலை இருக்குது.

பொள்ளாச்சிப் பக்கம் நாச்சிமுத்துன்னு ஒருத்தரு. அவங்க தாத்தா ஓட்டுன கறுப்புக் காரு ஒண்ணு, கோழி அடைகாக்குற எடமாக் கெடந்துச்சு. அதைத் தட்டி, ஒட்டி, பெயிண்ட் அடிச்சுப் புது மாப்பிள்ளையா ஆக்கிட்டாரு. இஞ்சினு வேலைய மெக்கானிக்கு பீர் பாய் பாத்தாரு. ஒயரிங் அருள்தாஸு. சம்சாரம் தெய்வாத்தா வேலை வேற. தெனம் காலையில சந்தனத்தைக் கொழகொழன்னு கொழச்சு, லைட்டு, கண்ணாடி, பின்னாடி பெட்ரோல் மூடின்னு உருண்டையா எது இருந்தாலும் ஒரு அப்பு. புருசன் வழுக்கை தப்பிச்சதே பெரிய காரியம்.

காருக்கு ஒரே ஒரு நோவு. பூனையாட்டம் போவும், பாதி வழியில பொசுக்குன்னு செத்துரும்.

மொத தடவ நின்னப்ப, பாய் கார்புரேட்டரைக் கழட்டி ஊதுனாரு. பெட்ரோல் அளவு காட்டுற முள்ளு வேலை செய்யாது, அதனால நாச்சிமுத்து மூடியத் தொறந்து மூங்கில் குச்சிய வுட்டு அளந்தாரு. தொறக்கையில டேங்கு 'உஸ்ஸ்'னு பெருமூச்சு இழுத்துச்சு. அதுக்கு என்ன மனக்கஷ்டமோ! பெட்ரோல் இருந்துச்சு. சாவி திருப்புனா, ஓடுச்சு.

"நம்ம கை பட்டா பொணமும் எந்திரிக்கும்"னாரு பாய்.

மறுநா மறுபடியும் நின்னுச்சு. "உங்க பொணம் திரும்பப் படுத்துருச்சே பாய்"னு சிரிச்ச அருள்தாஸு, தீப்பொறி கெளப்புற காயிலை மாத்துனாரு. நாச்சிமுத்து குச்சி வுட்டாரு. உஸ்ஸ். ஓடுச்சு.

மக பூங்கொடிக்குக் கல்யாணம். பொண்ணு இந்தக் கார்லதான் கோயிலுக்குப் போவணும்னு நாச்சிமுத்துக்கு ஆசை. வண்டிய ஓட வெச்சவருக்குக் கோயில்ல பட்டுத்துண்டு போத்துறதாச் சொல்லிட்டாரு. தெய்வாத்தா ஒரே போடாப் போட்டுச்சு: "எம்மக நடுவழியில எறங்குனா, சாயங்காலம் இது காயலாங்கடையில இருக்கும்!"

கெளம்புனாங்க. கோயில் கோபுரம் தெரியுற மேட்டுல காரு செத்துச்சு.

பின்னாடி வேன்ல வந்த மாமன், "முகூர்த்தம் போவுது, ஏறு கண்ணு"ன்னாரு.

பூங்கொடி சீட்டை இறுக்கிப் புடிச்சுக்கிச்சு. "எறங்க மாட்டேன் மாமா. எங்கப்பா காரு."

பாயும் அருள்தாஸும் பானட்டுக்குள்ள முட்டிக்கிட்டாங்க. "காயிலு சரியில்ல!" "கார்புரேட்டரு சரியில்ல!" சாவி திருப்புனா உறுமுச்சு, புடிக்கல. கோயில்ல கெட்டிமேளத்துக்கு ஆளுங்க தயாரு. நாச்சிமுத்து பின்னாடி ஓடி மூடியத் தொறந்தாரு. உஸ்ஸ். குச்சிய வுட்டாரு. அந்நேரம் அருள்தாஸு ஒயரை அழுத்துனாரு, பாய் ஸ்குரூவைத் திருகுனாரு, தெய்வாத்தா முருகான்னு கத்துச்சு. காரு கெளம்பிருச்சு!

தாலி ஏறுச்சு. துண்டைக் கொண்டாந்தா மூணு கை நீளுது. பாய் கார்புரேட்டருங்கறாரு, அருள்தாஸு ஒயருங்கறாரு. "காலையில ரெண்டு பங்கு சந்தனம் அப்புனேனே, அதான்"னுது தெய்வாத்தா.

இப்பச் சொல்லுங்க: காரு ஏன் நின்னுச்சு? அந்தத் துண்டு யாருக்கு?

விடை: பெட்ரோல் மூடியில ஊசிமொனை அளவு ஓட்டை ஒண்ணு உண்டு. பெட்ரோல் கொறயக் கொறய அதுவழியாக் காத்து உள்ள போவணும். தெய்வாத்தா பொட்டு வெச்சு அடைச்சுருச்சு! காத்தில்லாம டேங்கு பெட்ரோலை வுடாமப் புடிச்சுக்கும். மூடியத் தொறந்தா உஸ்ஸ், உசுரு வந்துரும். பின் சீட்டுல உக்காந்து பெருமூச்சைக் கேட்ட பூங்கொடிதான் கண்டுபுடிச்சுச்சு. கழுத்து மாலையில குத்தியிருந்த ஊசிய உருவி ஓட்டையக் குத்துச்சு. அப்புறம் மூடிக்கு மட்டும் பொட்டு இல்ல, காரும் நின்னதே இல்ல. துண்டு? தடவைக்குத் தடவை மூடியத் தொறக்க வெச்ச மூங்கில் குச்சிக்குத்தான் கட்டியிருக்குது. தெய்வாத்தா அதுக்கும் பொட்டு வெச்சிருச்சு.