கண்ணாடிக் கேபினெட்

கம்ப்யூட்டர் கட்டுவதில் நஸ்ரினை மிஞ்ச திருச்சிக் கடைத்தெருவில் ஆள் கிடையாது. சின்ன வயதுதான். ஆனால் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னதாகச் சரித்திரமே இல்லை என்பதால், அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் அவளுக்கு ‘குரு’ என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

அந்தக் குருவிடம் ஒரு சாயங்காலம் ஜெனிட்டா வந்து சேர்ந்தாள். குருவைவிட மூத்தவள். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள்.

காரணம் இருந்தது. தம்பி ஆக்னல் போலந்தில் படிக்கிறான். போனில் கூப்பிட்டால் ‘ம்’ என்பதோடு சரி. அக்காவும் தம்பியும் கேமுக்குள் சேர்ந்து ஓடும்போது மட்டும், சாப்பாடு இறங்காததிலிருந்து ரூமில் தனியாகக் கிடப்பதுவரை எல்லாவற்றையும் கொட்டிவிடுவான். அவளுடைய பழைய லேப்டாப் உயிரை விட்டதோடு அந்தப் பேச்சும் நின்றது. நேற்று அவனிடமிருந்து ஒரு வரி வந்தது: ‘எல்லாத்தையும் விட்டுடலாம்னு இருக்கேன்க்கா.’ எதை என்று பதறிக் கேட்டதற்கு, ‘கேமுக்கு வா, சொல்றேன்’ என்றான்.

சீட்டு எடுத்த பணம் கைப்பையில் இருந்தது. அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது.

பயந்து வந்தவளுக்கு, பொருள்களைப் பொறுக்க ஆரம்பித்ததும் குஷி ஏறிக்கொண்டது. வீடியோ பார்த்துப் பார்த்து எல்லாம் மனப்பாடம். பிராசசர் சுமாரானது போதும், கிராபிக்ஸ் கார்டில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது, மட்டமான பவர் சப்ளை போட்டால் மொத்தமும் புகைந்துவிடும் என்று குருவுக்கே பாடம் எடுத்தாள். படத்துக்கும் சத்தத்துக்கும் வீட்டு டி.வி. இருக்கிறது. அங்கே குறைத்து, இங்கே பேரம் பேசி, மிச்சம் பிடித்ததில் ஒரு கண்ணாடிக் கேபினெட் வாங்க வழி பிறந்தது. கம்ப்யூட்டர் பாகங்களைப் பூட்டிவைக்கும், உள்ளே கலர் கலராக விளக்குச் சுழலும் பெட்டி. அதைப் பக்கத்தில் நிறுத்தி, அதன் மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை.

“எல்லாம் சரிதானே, குருவே?”

“எதுக்குக்கா இதெல்லாம்?”

“தம்பியோட விளையாடத்தான்.”

நஸ்ரின் தலையாட்டிவிட்டு வேலையில் இறங்கினாள்.

கேபினெட்டுக்குள் பூட்டுமுன், மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே எல்லாவற்றையும் மாட்டி ஓடவிட்டுப் பார்ப்பது அவள் வழக்கம். கடை மானிட்டரை இணைத்தாள். விசிறி சுழன்றது. கேம் திறந்து தன் கணக்கில் நுழைந்ததும் ஜெனிட்டா ஸ்டூலின் நுனிக்கே வந்துவிட்டாள். லேப்டாப்பில் வெறும் பச்சையாகக் கிடந்த தரையில் இப்போது ஒவ்வொரு புல்லும் அசைந்தது.

அப்போது மானிட்டரிலிருந்து குரல் வந்தது.

“அக்கா? நீயா?”

“நான்தான்டா!”

“அக்கா... பேசேன்.”

ஜெனிட்டா கத்தினாள். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். போலந்துக்குக் கேட்கவில்லை. லேப்டாப்புக்குள்ளேயே மைக் இருந்தது; இதில் இல்லை. இத்தனை நாள் அதை ஒரு பொருளாக அவள் நினைத்ததே இல்லை.

“கோவமா? சரி, பரவால்ல. நான் போறேன்க்கா.”

ஜெனிட்டா பதறிப்போய்த் திரும்பினாள். குரு மைக் வைத்த ஒரு ஹெட்செட்டைக் கையில் பிடித்தபடி, கண்ணாடிக் கேபினெட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜெனிட்டா, அந்தக் காசுக்கு ஹெட்செட் போதுமென்று பெட்டியைத் தள்ளிவிட்டாள். அடுத்த நொடி ஹெட்செட் அவள் தலையில் இருந்தது.

“டேய் ஆக்னல், போயிடாதடா.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, “பின்னாடி பாரு. உன்னைச் சுட வர்றான். இன்னும் அதே மக்குதான் நீ.”

வெளியே விளக்குப் போடும்வரை இருவரும் ஓடினார்கள். விடுவதாகச் சொன்னது காலேஜைத்தான் என்பதும், பிறகு அடுத்த பரீட்சைவரை பார்க்கிறேன் என்பதும் ஓட்டத்துக்கு நடுவே வந்தன. ஜெனிட்டா சிரித்தாள், அழுதாள், இரண்டு தடவை செத்தும் போனாள்.

நஸ்ரின் மேஜைக்கடியிலிருந்து யாரோ விட்டுப்போன நசுங்கிய தகரக் கேபினெட் ஒன்றை இழுத்துத் துடைத்து, எல்லாவற்றையும் அதற்குள் பூட்டிக் கொடுத்தாள்.

படியிறங்கப் போன ஜெனிட்டா நின்றாள்.

“மைக் இல்லைன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே, குருவே?”

“பெட்டி மேல வச்ச கையை அப்ப எடுத்திருப்பீங்களாக்கா?”